கொழும்பில் மின்சார காரும் ஹைபிரிட்டும்: காரைப் பார்க்கும் முன் பார்க்கிங்கைப் பாருங்கள்

மின்சார கார் வாங்கப் போகிறேன், நிசான் லீஃப் நல்லதா சீனத்து பி.வை.டி. நல்லதா என்று யாராவது கேட்டால், இரவில் கார் எங்கே நிற்கும் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடியில் இருப்பவர்களுக்குக் கார் விலை, வரி, லீசிங் வட்டி எல்லாம் மனப்பாடம், ஆனால் தங்கள் பார்க்கிங்கிலிருந்து கிட்டிய பிளக் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. கொழும்பில் மின்சார கார் வைத்திருப்பது சுகமா தலையிடியா என்பதை அந்தப் பிளக்தான் தீர்மானிக்கும், மொடல் பெயரெல்லாம் பிறகு. ஆகவே இதையும் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்: முதலில் இடம், பிறகு வயர், பிறகு பில், அப்புறம் கார்.

இடம்

தனி வீடு, கேட்டுக்குள் கார் நிற்கும் என்றால் உங்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, அடுத்ததற்குப் போங்கள்.

தொடர்மாடிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது மீற்றர் அறையை. கொழும்பில் பெரும்பாலான தொடர்மாடிகளில் எல்லா வீட்டு மீற்றர்களும் கீழ்த்தளத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும். உங்கள் வீடு ஆறாம் மாடியில் இருந்தாலும் உங்கள் மீற்றர் கீழேதான், பல நேரம் உங்கள் காருக்குப் பக்கத்திலேயே. ஆறு மாடிக்கு மேலேயிருந்து வயர் இறக்க வேண்டுமே என்று பயந்து திட்டத்தைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அவசியமில்லை. மீற்றருக்குப் பிறகு தனி பிரேக்கர் ஒன்று போட்டு, அங்கிருந்து குழாய்க்குள்ளால் வயரை இழுத்து உங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தால், கார் குடிக்கும் யூனிட் எல்லாம் நேரே உங்கள் பில்லில் விழும், பக்கத்து வீட்டுக்காரருக்கு முணுமுணுக்க ஒன்றும் இருக்காது. அது முடியாத கட்டடத்தில், பொது மீற்றரிலிருந்து எடுத்து ஒரு சப் மீற்றர் பூட்டி, மாதாமாதம் வாசிப்பைப் பார்த்து முகாமைத்துவத்துக்குக் காசு கட்டலாம். இந்த வழியில் எப்படியும் ஒரு நாள் கணக்குச் சண்டை வரும் என்பதால் இதை இரண்டாவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டும். வாயால் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுங்கள். செலவு முழுவதும் என்னுடையது, தனி ட்ரிப் சுவிட்ச் போடுவேன், தகுதியான எலெக்ட்ரீஷியனின் சோதனை அறிக்கையைத் தருவேன், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் சார்ஜ் பண்ண மாட்டேன் என்ற நாலு விஷயத்தையும் அதில் எழுதிவிடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம், ஏனென்றால் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் என்று வாங்கிய ஜெனரேட்டரில் உங்கள் கார் தொங்கினால் முழுக் கட்டடமும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். கூட்டத்தில் எப்படியும் ஒரு மூத்தவர், "தம்பி, உது தீப்பிடிக்குமாமே" என்று கேட்பார். அவரோடு வாதாடாமல் பிரேக்கர், ட்ரிப், வயர் அளவு எல்லாம் எழுதிய தாளைக் காட்டுங்கள். உண்மையில் கார் பற்றரியை விட, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இரவு முழுக்கச் சார்ஜ் போடுவதுதான் தீக்குப் பெரிய வழி. அந்த அளவில் அவருடைய பயம் சரியானதுதான்.

இன்னொன்று, ஒன்றின் பின் ஒன்றாகக் கார் நிறுத்தும் பார்க்கிங். வெள்ளவத்தையில் இது சர்வசாதாரணம். சாவி செக்கியூரிட்டியிடம் இருக்கும், உள்ளே நிற்கும் காரை எடுக்க வெளியே நிற்பதை நகர்த்துவார்கள். உங்கள் கார் வெளிப்பக்கம் என்றால் நடுச்சாமத்தில் கேபிளைக் கழற்றச் சொல்லி இன்டர்கொம் அடிக்கும். உள்பக்க இடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று, வயர் இழுக்கும் முன்பே கதைத்துப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வீடு மாறும்போது வயரை விட்டுப் போவீர்களா கழற்றிப் போவீர்களா என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

எதுவுமே சரிவரவில்லை, வெளியே இருக்கும் வேக சார்ஜரை மட்டும் நம்பி ஓடலாமா? ஓடலாம். கொழும்பில் கடைத்தொகுதிகளிலும் சில பெற்றோல் செட்டுகளிலும் சார்ஜர் இருக்கின்றன. ஆனால் அங்கே யூனிட் விலை பெரும்பாலும் வீட்டை விடக் கூட, முன்னால் ஒருவர் நின்றால் காத்திருக்க வேண்டும், அதோடு 80 வீதத்துக்கு மேல் வேக சார்ஜே மெதுவாகிவிடும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பிளக் கிடைக்காதவர்கள் ஹைபிரிட் வாங்குங்கள், அது பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்தது, பிளக் தேவையில்லை, கீழே அதையும் எழுதியிருக்கிறேன்.

வயரும் பிளக்கும்

நம்முடைய மின்சாரம் 230 வோல்ட். சாதாரண சதுரப் பிளக் 13 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்க 10 அம்பியர்தான் பாதுகாப்பு. 230 வோல்ட்டும் 10 அம்பியரும் சேர்ந்தால் 2.3 கிலோவாட், அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு 2.3 யூனிட். இரவு ஏழு மணித்தியாலம் போட்டால் 16 யூனிட், சார்ஜாகும்போது வீணாவதைக் கழித்தால் 14 அளவில் பற்றரிக்குள் போகும். ஏ.சி. போட்டு நகரத்துக்குள் ஓடும் கார் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 6 கி.மீ. போகும் என்று வைத்தால் ஒரு இரவுக்கு 80 கி.மீ.க்கு மேல். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வந்து, பின்னேரம் பிள்ளையை டியூஷனுக்கும் விட்டுக் கூட்டிவருபவருக்கு அவ்வளவு தேவையே இல்லை. அதனால் சுவரில் பெரிய சார்ஜர் பூட்டினால்தான் மின்சார கார் ஓடலாம் என்று யாராவது சொன்னால் அவர் சார்ஜர் விற்பவராக இருக்கக்கூடும்.

7 கிலோவாட் சுவர் சார்ஜருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்முடைய வீடுகளில் பெரும்பாலானவை ஒற்றை ஃபேஸ் 30 அம்பியர் இணைப்பு. 30 அம்பியர் என்றால் முழு வீட்டுக்குமே 6.9 கிலோவாட்தான். சார்ஜர் ஒன்றே 32 அம்பியர் கேட்டால், ஏ.சி.யும் சுடுதண்ணீர் ஹீற்றரும் எங்கே போவது? மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மாற்றலாம், அதற்குச் செலவும் காத்திருப்பும் இருக்கிறது. இல்லாவிட்டால் சார்ஜரின் அம்பியரைக் குறைத்து வைத்து, எல்லோரும் படுத்த பிறகு ஓடவிடலாம். இரண்டாவதுதான் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். காருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், வேறு எந்தப் பிளக்கும் அதில் தொங்கக் கூடாது. வயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீற்றர், கடையில் 7/0.67 என்று கேட்பது. தூரம் கூட என்றாலோ பிறகு பெரிய சார்ஜர் போடும் எண்ணம் இருந்தாலோ 6 சதுர மில்லிமீற்றர், அதாவது 7/1.04, இப்போதே இழுத்துவிடுங்கள், வயரை இரண்டு தடவை இழுக்கும் கூலியை யோசித்தால் வித்தியாசம் பெரிதல்ல. காருக்குத் தனி ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி அம்பியர், டைப் ஏ. வீட்டு மெயின் ட்ரிப்பிலேயே காரையும் விட்டால், கேபிள் பிளக்குக்குள் மழை ஈரம் போகும் ஒவ்வொரு தடவையும் வீடு முழுக்க இருட்டாகும், ஃபிரிட்ஜில் இருக்கும் மீனும் பழுதாகும். பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். மற்றச் சாமான்கள் ஒன்றும் சொல்லாமல் ஓடும், கார் சார்ஜர் மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டு மறுத்துவிடும். அப்படி மறுத்தால் சார்ஜரைக் குறை சொல்லாமல் எர்த்தைத் திருத்துங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த லீஃப் போன்றவற்றோடு வரும் கேபிளில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது ஜப்பானின் 200 வோல்ட், 15 அம்பியருக்கென்று செய்தது. இங்கே விற்பவர்கள் அதன் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் சதுரப் பிளக் ஒன்றைப் பூட்டித் தருவார்கள். கேபிள் 15 அம்பியர் இழுக்கும், பிளக்கால் அதைத் தாங்க முடியாது, சில மாதத்தில் சொக்கெட் பழுப்பாகி உருகத் தொடங்கும். அந்தக் கேபிளைப் பாவிப்பதானால் நீல நிற 16 அம்பியர் இன்டஸ்ட்ரியல் சொக்கெட்டும் அதற்கான பிளக்கும் போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. எந்தப் பிளக் ஆனாலும் முதல் வாரத்தில் சார்ஜ் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். உருண்டைப் பின் மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் வயர் சுருள் இரண்டையும் காருக்குப் பக்கத்தில் எடுத்துவரவே கூடாது.

பில்

கணக்கு இலகு. மாதம் ஓடும் கி.மீ.ஐ 6ஆல் பிரித்து, வீணாவதற்கு 15 வீதம் கூட்டுங்கள். 1,000 கி.மீ. ஓடினால் 190 யூனிட் அளவில் வரும். இங்கேதான் பலருக்கு முதல் மாதம் மூச்சு நிற்கும், ஏனென்றால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிட்டுக்கு மேல் போனால் மிக உயர்ந்த படி. ஏற்கெனவே 150 யூனிட் பாவிக்கும் வீட்டில் காரின் யூனிட் கிட்டத்தட்ட எல்லாமே அந்த மேல்படி விலையில்தான் விழும். கார் விற்பவர் காட்டிய "கி.மீ.க்கு இத்தனை ரூபா" கணக்கு எந்தப் படி விலையில் போட்டது என்று கேளுங்கள்.

இதற்கு மாற்று, நேரத்தைப் பொறுத்த கட்டணம். பகல் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை, உச்ச நேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை, மலிவு நேரம் 10.30 முதல் விடிய 5.30 வரை. காரை 10.30க்குப் பிறகு சார்ஜ் பண்ண இதைப் போல ஒன்றில்லை. ஆனால் இது காருக்கு மட்டும் வராது, முழு வீட்டுக்கும் வரும். பின்னேரம் ஏழு மணிக்கு இரண்டு அறையில் ஏ.சி., ரைஸ் குக்கர், வோஷிங் மெஷின், டிவி என்று எல்லாம் ஓடும் வீட்டில் காரால் மிச்சம் பிடித்த காசை உச்ச நேரம் விழுங்கிவிடும். மாறும் முன், ஒரு வாரத்துக்கு 5.30, 6.30, 10.30 மணிகளுக்கு மீற்றரைப் பார்த்து எழுதி வையுங்கள். மீற்றர் கீழே இருந்தால் செக்கியூரிட்டியிடம் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அந்தத் தாளை வைத்து இரண்டு முறையிலும் பில்லைப் போட்டுப் பாருங்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கடைசியாக அறிவித்த விலையை எடுங்கள், மைத்துனர் போன வருடம் சொன்ன விலையை அல்ல. உங்கள் மின்சார பில்லில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும், நுகேகொட, கோட்டே, மொரட்டுவைப் பக்கம் அது லெக்கோ.

கூரையில் சோலார் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பகலில் கார் வீட்டில் நிற்கிறது, உங்களுக்கு யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையும் குறைவு என்றால் விற்பதை விடக் காருக்குள் போடுவதே லாபம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்திருந்த நாட்களில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அந்த மாதிரி நாட்களில் வீட்டில் கார் நின்றால் நல்லதுதானே.

எந்தக் கார்

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் சந்தையில் இரண்டு கூட்டம் இருக்கிறது: தடைக்கு முன் வந்த பழைய லீஃப் வகையறா, தடைக்குப் பின் வந்த சீனக் கார்கள். இடையில் பெரிதாக ஒன்றுமில்லை.

பழைய லீஃப் பார்ப்பவர்களுக்கு. அதன் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, கொழும்புச் சூட்டில் அது மெல்ல மெல்லக் கிழடாகும். காரின் டாஷ்போர்ட் மீற்றரின் வலது ஓரத்தில் 12 சிறு கட்டங்கள் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும். முதல் கட்டம் போனால் ஏறக்குறைய 15 வீதம் போய்விட்டது, பிறகு ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் அளவில். ஆனால் கட்டத்தை மட்டும் நம்பக் கூடாது, அதை ரீசெட் பண்ணித் தற்காலிகமாக 12 காட்ட வைக்கிறார்கள். காரின் கணினியை வாசிக்கும் ஓ.பி.டி. புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, லீஃப் ஸ்பை ஆப்பைப் போனில் போட்டு பற்றரிக்குள் இருக்கும் செல்களின் வோல்ட்டேஜைப் பாருங்கள். எல்லாச் செல்லும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் பள்ளமாக விழுந்திருந்தால் விலகிவிடுங்கள். அதற்கும் மேலான சோதனை, 100 வீதம் சார்ஜ் பண்ணி வைக்கச் சொல்லி, ஏ.சி.யோடு வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறைக்கு ஓடித் திரும்பி வாருங்கள், 40 கி.மீ. அளவில் வரும். பாதி போய்விட்டதென்றால் உங்கள் கார் 80 கி.மீ. கார், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும். 80 கி.மீ. கார் கொழும்புக்குள் நல்ல கார்தான், விலை அதற்கேற்ப இருந்தால்.

விளம்பரத் தூரத்தைப் பற்றியும் ஒன்று. 40 கிலோவாட் மணி, அதாவது 40 யூனிட் பற்றரி உள்ள லீஃப் பழைய ஜப்பானியச் சோதனை முறையில் 400 கி.மீ., அமெரிக்கச் சோதனை முறையில் அதே கார் 243 கி.மீ. புரோக்கர் எதைச் சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை. சீன முறைக் கணக்கும் இப்படித்தான் ஊதியது. பற்றரியின் கிலோவாட் மணியை 6ஆல் பெருக்கி, அதிலும் 80 வீதத்தை எடுத்துக்கொண்டால் அன்றாடம் நம்பக்கூடிய எண் கிடைக்கும்.

சார்ஜ் வாய் எந்த வகை என்று கட்டாயம் பாருங்கள். ஜப்பான் கார்களில் டைப் 1 வாயும் வேக சார்ஜுக்கு சாடெமோவும். முகவர்கள் கொண்டுவரும் புதிய கார்களில் பொதுவாக டைப் 2 வாயும் வேக சார்ஜுக்கு சி.சி.எஸ். 2உம். சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரை யாராவது தனியாக இறக்கியிருந்தால் அதில் சீனாவுக்கே உரிய ஜி.பி.டி. வாய் இருக்கும், அடாப்டர் இல்லாமல் வெளியே சார்ஜ் பண்ணப் போனால் முழிக்க வேண்டும். இதோடு மோட்டரின் கிலோவாட்டையும் கேளுங்கள். இங்கே மின்சார காருக்குக் கலால் வரி அதை வைத்துத்தான், ஆகவே ஒரே பெயர்ப்பலகை உள்ள கார் வேறு வேறு சக்தியில் வரலாம்.

பற்றரி வகைக்கேற்பச் சார்ஜ் பழக்கமும் மாறும். பி.வை.டி. போன்றவற்றின் இரும்பு பொஸ்பேற் பற்றரியை இடைக்கிடை 100 வரை நிரப்புவது நல்லது, அப்போதுதான் மீதி எவ்வளவு என்று காருக்கே சரியாகத் தெரியும். மற்ற லித்தியம் பற்றரிகளை அன்றாடம் 80 அளவில் நிறுத்துங்கள். எதையும் முழுச் சார்ஜோடு பகல் வெயிலில் நாட்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

பிளக் கிடைக்காதவர்களுக்கு ஹைபிரிட்

பெயரில் ஹைபிரிட் என்று இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டொயோட்டாவின் அக்வா, பிரியஸ், அக்ஸியோ இவை பற்றரியிலேயே நகரக்கூடியவை, காலி வீதி நெரிசல் இவற்றுக்கு வரம், நெடுஞ்சாலையில் லாபம் குறையும். சுசுகி வேகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய மோட்டர், எரிபொருள் மிச்சத்துக்கு முக்கிய காரணம் காரின் பாரம் குறைவு. நிசான் ஈ பவரில் எஞ்சின் கரண்ட் செய்ய மட்டும், சில்லைச் சுற்றுவது மோட்டர். ஆனாலும் பிளக் கிடையாது. ஹொண்டாவின் 2013க்குப் பிந்திய ஃபிட், வெசெல் ஹைபிரிட்களில் ஏழு கியர் இரட்டை கிளட்ச். ஜப்பானிலேயே 2013, 2014 காலத்தில் ஹொண்டா இவற்றைப் பல தடவை திருப்பி அழைத்தது. அடி அடியாக நகரும் நெரிசலில் கிளட்ச் சூடாகும், ஆகவே வாங்கும் முன் வெள்ளிக்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டிச் சந்தியில் ஓடிப் பாருங்கள், ஞாயிறு காலையில் அல்ல.

நெரிசலில் நிற்கும்போது டொயோட்டா ஹைபிரிட்டை நியூட்ரலில் போடும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. நியூட்ரலில் பற்றரி சார்ஜாகாது, ஏ.சி. மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டி-யிலேயே வைத்து பிரேக்கை மிதியுங்கள்.

பற்றரியைக் கொல்வது பெரும்பாலும் தூசு. அக்வாவில் பின் சீட்டுக்குக் கீழே ஒரு காற்று வாய் இருக்கிறது, அதற்குள்ளால்தான் பற்றரிக்குக் குளிர் காற்றுப் போகும். அதன் முன்னால் ஸ்கூல் பையும் மரக்கறிச் சாக்கும் வைத்து அடைத்து, ஃபேன் வலையில் தூசு படிந்து, பற்றரி சூடேறி, பிறகு கராஜில் நின்று அழுவது வழக்கம். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஃபேனைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள், பெரிய செலவே இல்லை.

செல் போய்விட்டால் பஞ்சிகாவத்தையிலும் வேறு கராஜ்களிலும் பழுதான செல்லை மட்டும் மாற்றித் தருவார்கள். மலிவுதான், ஆனால் மற்றச் செல்களும் அதே வயது, கொஞ்ச நாளில் அடுத்தது போகும். விற்கப்போகும் காருக்கு எல்லோரும் அதைச் செய்கிறார்கள் என்பதால் வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும்: ஸ்கேனரில் செல் தொகுதிகளின் வோல்ட்டேஜைப் பார்த்து, பற்றரி எப்போது திறக்கப்பட்டது என்று நேரடியாகக் கேளுங்கள். வைத்திருக்கப் போகும் காருக்கு முழுப் பற்றரியாக, எழுத்தில் உத்தரவாதத்தோடு போடுங்கள். செம்மஞ்சள் நிற வயர் உள்ள இடத்தில் பழகாத ஆளைக் கைவைக்க விடாதீர்கள், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது.

ஊருக்குப் போவது

யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கி.மீ. நல்லூர்த் திருவிழாவுக்குப் பழைய லீஃபில் போவது பக்தியில் சேராது, தண்டனையில்தான் சேரும். 60 கிலோவாட் மணி காரானால் அநுராதபுரம், தம்புள்ளை, வவுனியா என்று வழியில் ஓரிடத்தில் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துச் சார்ஜ் பண்ணிப் போய்விடலாம். முதல் நாளே சார்ஜர் இடங்களைக் காட்டும் ஆப்பில் பார்த்து, சார்ஜர் வேலை செய்கிறதா என்று போனிலும் கேளுங்கள், இரண்டாவது இடம் ஒன்றையும் மனதில் வையுங்கள். ஊரில் மாமா வீட்டில் இரவு 8 அம்பியரில் விட்டால் மெதுவாக நிரம்பும், பழைய வயரிங் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். பில்லுக்கு ஏதாவது கொடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். 1,800 கிலோ காரை அந்த உயரத்துக்குத் தூக்கவே 9 யூனிட் வேண்டும், ஓடும் யூனிட் அதற்கு மேல். அதனால் 40 கிலோவாட் மணி கார்க்காரர் அவிசாவளையில் 70 வீதம் இருக்கிறதென்று ஆறுதல்படக் கூடாது. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பிவரும், ஆனால் மேலே 100 வீதம் நிரப்பிவிட்டு இறங்கினால் திரும்பி வருவதை வைக்க இடமிருக்காது, பிரேக்தான் சூடாகும். 80இல் நிறுத்தி இறங்குங்கள்.

கடல், வெள்ளம், கரண்ட் கட், வெளிநாடு

மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று பெரிய எதிரி. சார்ஜரைக் கடலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில், மூடியுள்ள பெட்டிக்குள் பூட்டுங்கள். கேபிள் முனையைத் தொங்க விடாமல் உறை போட்டு வையுங்கள். கரண்ட் காரில் பிரேக் பாவனை குறைவு என்பதால் டிஸ்க் துருப்பிடிக்கும், இடைக்கிடை அழுத்தி பிரேக் பிடித்து ஓடுங்கள்.

2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் முங்கியது ஞாபகம் இருக்கும். நிலக்கீழ் பார்க்கிங் என்றால் மழை எச்சரிக்கை வந்த உடனே காரை மேட்டுக்கு எடுங்கள். தண்ணீருக்குள் நின்ற மின்சாரக் காரையோ ஹைபிரிட்டையோ ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், நேரே தூக்கி அனுப்புங்கள். இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

2022இல் பெற்றோல் வரிசையும் இருந்தது, 13 மணித்தியாலக் கரண்ட் கட்டும் இருந்தது; 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க ஒரே தடவையில் கரண்ட் போனது. ஆகவே பற்றரியை 30 வீதத்துக்குக் கீழே விட்டுப் படுக்கப் போகாதீர்கள். சில புதிய கார்களிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம், ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடும், அதற்கான அடாப்டரைக் காரோடு சேர்த்தே பேசி வாங்குங்கள்.

கனடா, லண்டன் என்று இரண்டு மூன்று மாதம் போகிறவர்கள் மின்சார காரை 50, 60 வீதத்தில், நிழலில், கேபிள் கழற்றி விட்டுப் போங்கள். 12 வோல்ட் சிறு பற்றரிதான் முதலில் சாகும், அதன் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் பூட்டை எப்படித் திறப்பது என்று பார்த்து, சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியையும் வெளியே எடுத்து வையுங்கள். ஹைபிரிட் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது எடுத்து அரை மணித்தியாலம் ஓட வேண்டும். அதை ஒப்படைக்கும் ஆளிடம், ரெடி விளக்கு எரிந்தால் சத்தம் இல்லாவிட்டாலும் கார் ஓடத் தயார் என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடுச்சாமத்தில் உங்களுக்கு வாட்ஸ்அப் கோல் வரும்.